லினக்ஸிலை பொயிங்க் கிராபிக்ஸ் கார்டை எடுக்குதில்லையோ? அறிகுறியைப் பாத்துப் பிழை திருத்திற வழி

"அண்ணை, பொயிங்க் ஓடுது, ஆனால் ஜிபியூ சும்மா கிடக்கு" எண்டு கிழமைக்கு ஒரு கோலாவது எனக்கு வரும். (பொயிங்க் எண்டது ஆராய்ச்சிக் கணக்கு ஓட்டிற மென்பொருள், இங்கிலீஷிலை BOINC; ஜிபியூ எண்டால் கிராபிக்ஸ் கார்ட்.) பரந்தனிலை என்ரை வீட்டிலை ஒரு மிசின், கிளிநொச்சி ரவுணிலை ஒரு ரியூசன் சென்ரரிலை நாலு, அறிவியல் நகரிலை படிக்கிற பெடியள் ரெண்டு மூண்டு பேரின்ரை மிசினுகள், எல்லாத்தையும் நான்தான் பாக்கிறன், எல்லாத்திலையும் செக்கன்ஹான்ட் கார்ட், எல்லாத்திலையும் உபுண்டு இல்லாட்டி மின்ட். ஒவ்வொருத்தருக்கும் ஃபோனிலை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போனதாலை இப்ப எழுதி வைக்கிறன்.

புதுசா வாற ஆக்களுக்கு மட்டும் ஒரு வரி: எங்கடை மிசின் சும்மா நிக்கிற நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் குடுக்கிறதுதான் உந்த வேலை, ஐன்ஸ்டைன் அற் ஹோம் பல்சர் நட்சத்திரங்களைத் தேடுது, ஃபோல்டிங் அற் ஹோம் (இது பொயிங்க்குக்குள்ளை இல்லை, தனி மென்பொருள்) புரதம் எப்பிடி மடியுது எண்டு பாக்குது, பிரைம்கிரிட் பெரிய பெரிய பகா எண்களைத் தேடுது. அவ்வளவுதான், மிச்சத்தை நீங்களே வாசியுங்கோ.

ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். நான் பாத்த பத்து கேஸிலை எட்டிலை கார்டிலை ஒரு பிழையும் இருக்கேல்லை. போன வருசம் ஒரு தம்பி கார்ட் செத்துப்போச்சு எண்டு வேறை கார்ட் வாங்கிப் பூட்டி, அதுவும் ஓடாமல், பேந்துதான் எனக்கு எடுத்தவர். கேர்னல் (லினக்ஸின்ரை மூலப் பகுதி) அப்டேட் வந்து, கார்டை ஓட்டிற டிரைவர் கழண்டிருந்தது, அவ்வளவும்தான். பத்து நிமிச வேலைக்கு ஒரு கார்ட் காசு போட்டுது. அதாலை கீழை ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாததை முதல் எழுதியிருக்கிறன், அந்த ஒழுங்கிலையே போங்கோ, பாய வேண்டாம்.

கட்டளையளைத் தமிழ் எழுத்திலை உச்சரிப்புப்படி எழுதுறன், ரெர்மினல்லை இங்கிலீஷிலை அடியுங்கோ.

தொடங்க முன்னம் ரெண்டு விசயம்

பொயிங்க் மனேஜரிலை "ரூல்ஸ்" (Tools) மெனுவுக்குள்ளை "இவென்ட் லொக்" இருக்கு. அதின்ரை முதல் முப்பது வரியை ஒருக்கா வாசியுங்கோ. கார்டைக் கண்டதோ இல்லையோ, எந்த டிரைவர், எவ்வளவு மெமரி எண்டு எல்லாம் அங்கை கிடக்கும். கனபேர் இதைத் திறக்காமலே "ஓடேல்லை" எண்டு மட்டும் சொல்லுவினம், அதை வைச்சு நான் சாத்திரமோ சொல்லுறது?

ரெண்டாவது, மிசினிலை திகதி நேரம் சரியோ எண்டு பாருங்கோ. கரண்ட் அடிக்கடி போற இடத்திலை மதர்போர்டிலை இருக்கிற வட்டப் பற்றி கெதியாச் செத்துப்போகும், பேந்து நேரம் பின்னுக்கு நிக்கும், அதாலை சேர்வரோடை கதைக்கேக்கை சேர்ட்டிஃபிகேட் பிழை எண்டு வரும். சிஆர் 2032 எண்டு கேட்டால் மணிக்கூடு திருத்திற கடையிலையும் தருவினம்.

அறிகுறி 1: லொக்கிலை "நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்" எண்டு வருது

முதல்லை ஒண்டும் நோண்டாமல் பொயிங்க்கை மட்டும் றீஸ்ராட் பண்ணிப் பாருங்கோ: "சுடோ சிஸ்டம்சிடிஎல் றீஸ்ராட் பொயிங்க்-கிளையன்ட்". மிசின் எழும்பேக்கை சில நேரம் டிரைவர் முழுசா ஏற முதலே பொயிங்க் எழும்பி, கார்டைத் தேடிப் பாத்து, இல்லை எண்டு முடிவெடுத்திடும், அதுக்குப் பிறகு திரும்பிப் பாக்காது. றீஸ்ராட் பண்ண வந்திட்டுது எண்டால் உங்கடை பிழை இதுதான். ஒவ்வொரு முறையும் இப்பிடி எண்டால் "சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் பொயிங்க்-கிளையன்ட்" போட்டு, சேர்விஸ் பகுதியிலை "எக்செக்ஸ்ராட்ப்ரீ" எண்ட வரியிலை 30 செக்கன் ஸ்லீப் குடுத்து விடுங்கோ. அழகான வழி இல்லைத்தான், ஆனால் என்ரை மிசினிலை ரெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடுது.

வரேல்லை எண்டால் "என்விடியா-எஸ்எம்ஐ" எண்டு அடியுங்கோ. இனி என்ன வருது எண்டதைப் பொறுத்து வழி பிரியும்.

*வடிவா பெட்டி கட்டி கார்டின்ரை பேர், சூடு எல்லாம் காட்டுது எண்டால்*

டிரைவர் சரி. பிழை ஓப்பன்சிஎல்லிலை, அதாவது புரோகிராமுகள் கார்டிலை கணக்குச் செய்யப் பாவிக்கிற இடைப் பகுதியிலை. "கிளின்ஃபோ" எண்ட சின்ன ரூலை இன்ஸ்ரோல் பண்ணி ஓட விடுங்கோ. முதல் வரியிலை பிளாட்ஃபோம் எண்ணிக்கை 0 எண்டு வந்தால் ஓப்பன்சிஎல் பக்கேஜ் இல்லை. உபுண்டுவிலை "லிப்என்விடியா-கொம்பியூட்" எண்டு தொடங்கி கடைசியிலை உங்கடை டிரைவர் நம்பர் வாற பக்கேஜ் ஒண்டு இருக்கு, டெபியனிலை "என்விடியா-ஓப்பன்சிஎல்-ஐசிடி". நம்பர் டிரைவர் நம்பரோடை பொருந்தோணும், இல்லாட்டி வேறை கரைச்சல் வரும்.

கிளின்ஃபோ கார்டைக் காட்டுது, ஆனால் பொயிங்க்குக்கு மட்டும் தெரியேல்லை எண்டால் அது பேர்மிசன். பொயிங்க் உங்கடை பேரிலை ஓடுறேல்லை, "பொயிங்க்" எண்ட தனி யூசராத்தான் ஓடும். "சுடோ -யூ பொயிங்க் கிளின்ஃபோ" எண்டு அடிச்சுப் பாருங்கோ, அதிலை 0 எண்டு வந்தால் கள்ளன் அம்பிட்டான். "சுடோ யூசர்மொட் -ஏஜி வீடியோ,றென்டர் பொயிங்க்" அடிச்சு பொயிங்க்கை றீஸ்ராட் பண்ணுங்கோ. கமாவுக்குப் பிறகு இடைவெளி விடாதேங்கோ. நடுவிலை இருக்கிற "ஏ"யை விட்டிட்டு வெறும் "ஜி" போட்டால் அந்த யூசர் மற்ற குறூப் எல்லாத்திலையும் இருந்து கழண்டிடும், அதை ஒருக்கா நானே செய்து போட்டு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டனான்.

ஃபோல்டிங் எட்டாம் வேர்சன் பாவிக்கிற ஆக்களுக்கும் இதே கதைதான், யூசர் பேர் மட்டும் "ஃபா-கிளையன்ட்". அதோடை எட்டாம் வேர்சனிலை செற்றிங்ஸுக்குள்ளை போய் ஜிபியூவுக்கு நேரை ரிக் போட்டால்தான் எடுக்கும், தானா எடுக்காது. ரிக் போடாமல் டிரைவரை மூண்டு தரம் கழட்டிப் பூட்டின ஆக்களை எனக்குத் தெரியும்.

*டிரைவரோடை கதைக்க ஏலேல்லை எண்டு சொல்லுது எண்டால்*

பெரும்பாலும் கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் இது வரும். டிரைவர் புதுக் கேர்னலுக்கு ஏத்தமாதிரித் திருப்பிக் கட்டுப்படோணும், அதுக்கு "லினக்ஸ்-ஹெடர்ஸ்" பக்கேஜ் வேணும். "டிகேஎம்எஸ் ஸ்ரேற்றஸ்" எண்டு அடிச்சுப் பாருங்கோ, நீங்கள் இப்ப ஓடுற கேர்னல் நம்பருக்கு நேரை இன்ஸ்ரோல்ட் எண்டு இல்லையெண்டால் ஹெடர்ஸை இறக்கிப் போட்டு "சுடோ டிகேஎம்எஸ் ஓட்டோஇன்ஸ்ரோல்" அடிச்சு றீபூட் பண்ணுங்கோ. அவசரமெண்டால் பூட் மெனுவிலை பழைய கேர்னலைத் தெரிவு செய்து எழுப்பினாலும் ஓடும்.

எங்கடை பக்கம் இன்னொரு கூத்து இருக்கு. டேட்டா முடிஞ்சு அப்டேட் அரைவாசியிலை நிண்டுபோறது. கேர்னல் வந்திட்டும், ஹெடர்ஸ் வந்திராது. "சுடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ", பேந்து "சுடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்ரோல்". அதுக்குப் பிறகுதான் மற்றது.

எல்லாம் சரியாக் கட்டுப்பட்டும் ஏறுதில்லை எண்டால் செக்கியூர் பூட், கையொப்பம் இல்லாத டிரைவரை ஏறவிடாத காவல். "மொக்யூட்டில் --எஸ்பி-ஸ்ரேற்" அடிச்சால் ஒன்னா ஓஃப்பா எண்டு சொல்லும். டிரைவர் போடேக்கை ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்கும், அடுத்த பூட்டிலை நீலத் திரை ஒண்டு வந்திருக்கும், நீங்கள் பயந்து என்டரைத் தட்டிக் கொண்டு போயிருப்பியள். அந்தத் திரையிலைதான் "என்றோல் மொக்" எண்டதை எடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் குடுக்கோணும். தவறவிட்டால் டிரைவரைத் திருப்பிப் போடுங்கோ, இல்லாட்டி பயொஸிலை செக்கியூர் பூட்டை நிப்பாட்டுங்கோ.

*"வேர்சன் மிஸ்மாச்" எண்டு வந்தால்*

பின்னாலை தானா டிரைவர் அப்டேட் ஆகியிருக்கு, பழசு இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. றீபூட் பண்ணுங்கோ. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்.

*அப்பிடி ஒரு கட்டளையே இல்லை எண்டு சொன்னால்*

"எல்எஸ்பிசிஐ -கே" அடிச்சு கார்டுக்குக் கீழை எந்த டிரைவர் ஓடுது எண்டு பாருங்கோ. "நூவோ" எண்டு இருந்தால் அது லினக்ஸோடை வாற பொது டிரைவர், படம் காட்டும், உந்த வேலைக்கு உதவாது. மின்டிலை டிரைவர் மனேஜர், உபுண்டுவிலை "அடிஷனல் டிரைவர்ஸ்", அதாலையே போடுங்கோ. என்விடியா தளத்திலை இருந்து பெரிய ஃபைலை இறக்கி ஓட்டாதேங்கோ, அடுத்த அப்டேட்டிலை திருப்பியும் கழரும்.

இதிலை ஒரு கவனம் வேணும். எங்களிட்டை இருக்கிறது முக்கால்வாசி பழைய கார்ட். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசையளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி, அதுக்கு மேலை போட்டால் கார்ட் தெரியாது. 600, 700 வரிசை கெப்ளர் கார்டுகளுக்கு 470 தான். "புதுசுதானே நல்லம்" எண்டு மேலை போறது புது கார்ட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு.

*ஏஎம்டி கார்ட் எண்டால்*

ஆர்எக்ஸ் 570, 580 எண்டு மலிவாக் கிடைக்குதெண்டு வாங்கிப்போட்டு வாறினம். ஏஎம்டியின்ரை றொக்எம் எண்ட கணக்கு மென்பொருள் உந்தப் பழைய கார்டுகளைக் கைவிட்டுட்டுது. அதுக்குப் பதிலா மெசா எண்ட திறந்தமூல டிரைவரின்ரை "மெசா-ஓப்பன்சிஎல்-ஐசிடி" பக்கேஜைப் போட்டு, பொயிங்க் சேர்விஸிலை "றஸ்டிசிஎல்_எனேபிள்" எண்டதுக்கு "றேடியன்எஸ்ஐ" எண்டு குடுத்தால் கார்ட் தெரியும், சில புரொஜெக்டுகள் ஓடும், சிலது ஓடாது. குறூப் விசயம் இங்கையும் அதே மாதிரித்தான். உள்ளதைச் சொன்னால், இதுக்கெண்டே கார்ட் வாங்கப்போறியள் எண்டால் என்விடியாவே வாங்குங்கோ, கரைச்சல் குறைவு.

*எல்எஸ்பிசிஐயிலையே கார்ட் இல்லை எண்டால்*

இப்பதான் ஸ்குரூ டிரைவர் எடுக்கிற நேரம். வயரைக் கழட்டிப் போட்டு, பவர் பட்டனை ஒருக்கா அமத்தி மிச்சக் கரண்டை இறக்கி, கார்டைக் கழட்டித் திருப்பிப் பூட்டுங்கோ. ஆறு பின், எட்டு பின் வயர் இறுக்கமோ எண்டு பாருங்கோ. கார்டின்ரை தங்க நிறக் காலுகளை வெள்ளை அழிறப்பராலை மெல்லமாத் துடையுங்கோ. சுலொட்டுக்குள்ளையும் பாருங்கோ, ஒருக்கா முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு மிசினிலை பல்லி முட்டை இருந்தது, சிரிக்காதேங்கோ. அதுக்குப் பிறகும் இல்லையெண்டால் வேறை ஒரு மிசினிலை பூட்டிப் பாருங்கோ. அங்கையும் இல்லையெண்டால் கார்ட், அங்கை இருக்கெண்டால் உங்கடை போர்ட் இல்லாட்டி பவர் சப்ளை. இந்தப் பரிசோதனை செய்யாமல் ஒண்டும் வாங்க வேண்டாம்.

அறிகுறி 2: கார்டைக் கண்டிட்டுது, ஆனால் வேலை ஓடுதில்லை

வேலை வந்து "சஸ்பெண்டட், கொம்பியூட்டர் இஸ் இன் யூஸ்" எண்டு நிக்குதெண்டால் அது பிழையே இல்லை. நீங்கள் மவுஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஜிபியூ வேலை நிக்கிற மாதிரித்தான் அது செற் பண்ணி வரும், கையை எடுத்து மூண்டு நிமிசம் போனால் தொடங்கும். நிண்டு பாத்துக்கொண்டிருந்து "இன்னும் ஓடேல்லை" எண்டு மவுஸை ஆட்டி ஆட்டிப் பாத்தால் எண்டைக்குமே ஓடாது.

வேலையே வரேல்லை எண்டால் நீங்கள் சேர்ந்த புரொஜெக்டிலை ஜிபியூ வேலை இருக்கோ எண்டு பாருங்கோ. றொசெற்றா சிபியூ மட்டும்தான். மில்கிவே 2023 ஓடை ஜிபியூ வேலையை நிப்பாட்டிப் போட்டுது. ஜிபியூகிரிட் என்விடியாவுக்குத்தான், அதிலையும் வேலை விட்டு விட்டுத்தான் வரும். செற்றி அற் ஹோமை இன்னும் கேக்கிற ஆக்கள் இருக்கினம், அது 2020 மார்ச் 31 ஓடை புது வேலை அனுப்பிறதை நிப்பாட்டியாச்சு. ஜிபியூ ஓடுதோ எண்டு சோதிக்கிறதுக்கு நான் எப்பவும் ஐன்ஸ்டைன்தான் போடுறனான், அங்கை வேலை அநேகமா இருக்கும், தவணையும் ரெண்டு கிழமை.

பேந்து புரொஜெக்ட் தளத்திலை உங்கடை கணக்கின்ரை பிறிஃபரன்ஸிலை ஜிபியூ பாவிக்கலாம் எண்டதுக்கு ரிக் இருக்கோ பாருங்கோ. 2 ஜிபி கார்ட் எண்டால் சில வகை வேலை தரவே மாட்டினம், லொக்கிலை மெமரி காணாது எண்டு எழுதியிருக்கும்.

நெற்வேர்க் பக்கம் இன்னொண்டு. டொங்கிள், 4ஜி றூற்றரிலைதான் கனபேர் ஓட்டுறியள். இத்தனை நாளைக்கு இத்தனை எம்பி எண்டு பொயிங்க்கிலை வரையறை போடலாம், அதை எப்பவோ போட்டிட்டு மறந்திருப்பியள், அந்த அளவு முடிஞ்சால் சத்தமில்லாமல் நிக்கும். இரவு டேட்டா தனியா இருக்கிற பக்கேஜ் எண்டால் நெற்வேர்க் நேரத்தை நடுச்சாமத்துக்குப் பிறகெண்டு வையுங்கோ, ஆனால் வேலையைச் சேமிச்சு வைக்கிற நாள் எண்ணிக்கையை ஒண்டரை ரெண்டு எண்டு கூட்டோணும், இல்லாட்டி மத்தியானத்துக்கிடையிலை கையிலை வேலை முடிஞ்சு கார்ட் குந்திக்கொண்டிருக்கும்.

அறிகுறி 3: வேலை வந்து கொஞ்ச நேரத்திலையே "கொம்பியூட்டேஷன் எரர்" எண்டு சாகுது

வந்த உடனை, அஞ்சு பத்து செக்கனுக்குள்ளை எல்லாம் சாகுதெண்டால் டிரைவர் அப்டேட் ஆகி றீபூட் பண்ணாமல் இருக்கிறியள், இல்லாட்டி ஓப்பன்சிஎல் நம்பர் பொருந்தேல்லை. முதல் வேலையா "நோ நியூ ராஸ்க்ஸ்" அமத்துங்கோ, ஏனெண்டால் அடுத்தடுத்துப் பிழை அனுப்பினால் புரொஜெக்ட் உங்கடை மிசினுக்கு நாள் பங்கைக் குறைச்சுக்கொண்டு போகும், பேந்து சரி பண்ணினாலும் வேலை மெல்லமாத்தான் வரும்.

பத்து நிமிசம், அரை மணித்தியாலம் ஓடிச் சாகுதெண்டால் சூடு, ஓவர்குளொக், கரண்ட், இந்த மூண்டிலை ஒண்டு. "சுடோ டிமெஸ்ஜி" அடிச்சு அதுக்குள்ளை "எக்ஸ்ஐடி" எண்ட சொல்லைத் தேடுங்கோ. அது என்விடியா டிரைவர் எழுதிற பிழைக் குறி, பக்கத்திலை ஒரு நம்பர் இருக்கும். 31 எண்டால் அநேகமாப் புரோகிராமோ டிரைவரோ பிழை, மற்ற ஆக்களுக்கும் அதே வேலை செத்திருக்கோ எண்டு புரொஜெக்ட் தளத்திலை பாருங்கோ, செத்திருந்தால் உங்களிலை பிழையில்லை. 13 திரும்பத் திரும்ப வந்தால் குளொக்கைக் குறைச்சுப் பாருங்கோ. 79 எண்டால் கார்ட் பஸ்ஸிலை இருந்து விழுந்திட்டுது எண்டு சொல்லும், அது ஏ9 பஸ் இல்லை, போர்டோடை இருக்கிற தொடுப்பு அறுந்திட்டுது எண்டு அர்த்தம். 79ஐக் கண்டால் நேரை அறிகுறி 4க்குப் போங்கோ.

மைனிங்கிலை கிடந்து வந்த ஏஎம்டி கார்ட் எண்டால் பயொஸ் மாத்தியிருப்பினம், மெமரியை இறுக்கி ஓட்டுறதுக்கு. அதிலை கேம் ஓடும், உந்தக் கணக்கு பிழைக்கும். சில கார்டுகளிலை மேலை சின்னச் சுவிச் ஒண்டு இருக்கு, ரெண்டாவது பயொஸுக்கு மாத்திறது. மிசினை நிப்பாட்டிப் போட்டு மாத்திப் பாருங்கோ, காசில்லாத வைத்தியம்.

அறிகுறி 4: ஓடிக்கொண்டிருக்கேக்கை மிசின் பட்டெண்டு நிக்குது இல்லாட்டி தானா றீஸ்ராட் ஆகுது

எங்கடை பக்கத்துக்கெண்டே எழுதி வைச்ச அறிகுறி இது. எந்த நேரம் நிக்குது எண்டு முதல்லை ஒரு கொப்பியிலை நாலைஞ்சு நாள் குறியுங்கோ. லொக் வேண்டாம், கொப்பிதான்.

பின்னேரம் ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையிலைதான் எண்டால் வோல்ட்டேஜ். எல்லா வீட்டிலையும் லைற், ரிவி, மோட்டர் எண்டு போடுற நேரம். 230 வரவேண்டியது எங்கடை ஒழுங்கையிலை ஒருநாள் 187 நிண்டது, நானே மீற்றர் வைச்சுப் பாத்தனான். பக்கத்திலை அரிசி மில் இருக்கிற ஆக்கள் பெரும்போக அறுவடை நேரம் இன்னும் வடிவாப் பாப்பியள். பவர் சப்ளையின்ரை பின்பக்கம் பாருங்கோ, 115, 230 எண்டு மாத்திற சிவப்புச் சுவிச் இருந்தால் அது மலிவான சாதி, வோல்ட்டேஜ் இறங்கினால் தாங்காது. 100 இலிருந்து 240 வரை எண்டு எழுதியிருந்தால் தாங்கும். அந்தச் சிவப்புச் சுவிச்சை மட்டும் "வோல்ட்டேஜ் குறைவுதானே" எண்டு 115க்குத் தட்டிப்போடாதேங்கோ. வெடிக்கும். ஒருத்தர் தட்டினவர்.

யூபிஎஸ் கீ கீ எண்டு கத்திப்போட்டு நிக்குதெண்டால் பாரம் கூட. 650 விஏ எண்டு பெட்டியிலை பெரிசாப் போட்டிருந்தாலும் வாட் கணக்கிலை 360, 390 தான் வரும், அதுவும் பற்றி புதுசா இருக்கேக்கை. ஆர்எக்ஸ் 580 தனிய 185 வாட் தின்னும், சிபியூவும் மொனிற்றரும் சேர்ந்தால் விளிம்பிலைதான் நிக்குது. மொனிற்றரை யூபிஎஸ்ஸிலை இருந்து கழட்டி நேரை பிளக்கிலை போட்டுப் பாருங்கோ.

காசு செலவழிக்க முதல் செய்யிற பரிசோதனை இதுதான்: பவரை இறக்குங்கோ. "சுடோ என்விடியா-எஸ்எம்ஐ -பிஎல் 90" எண்டால் 90 வாட்டுக்கு மேலை போகாது. ஜிடிஎக்ஸ் 1060 இன்ரை கணக்கு 120 வாட், 90க்கு இறக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாக் குறையும். றீபூட் பண்ணினால் பழையபடி போகும், அதாலை ஒவ்வொரு முறையும் அடிக்கோணும், இல்லாட்டி ஒரு சின்ன சேர்விஸ் எழுதி வைக்கோணும். இறக்கினாப் பிறகு மூண்டு நாள் நிக்காமல் ஓடிச்சுதெண்டால் பவர் சப்ளை இல்லாட்டி வோல்ட்டேஜ்தான் பிழை, கார்ட் இல்லை. எனக்கு இதாலையே பாதிக் கேஸ் முடிஞ்சிருக்கு, நான் இப்ப எல்லா மிசினிலையும் இறக்கியே வைச்சிருக்கிறன்.

ஒரு பக்கக் கதை: இதுக்குப் போற கரண்ட் யூனிட் கணக்கை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினது நான்தான். மிசின் மொத்தமா 180 வாட், நாளுக்குப் பத்து மணித்தியாலம் எண்டால் 1.8 யூனிட், மாசம் 54 யூனிட். யூனிட் கூடக்கூட விலைப்படியும் ஏறுறதாலை பில் நேர்கோட்டிலை ஏறாது. அண்டைக்கே வீட்டு மிசின் ராவிலை ஓடுறது நிண்டுது, இப்ப கூரையிலை சோலர் போட்ட ரியூசன் சென்ரர்தான் பகலிலை ஓடுது. சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ செய்தி கேட்ட சனத்துக்கு "நட்சத்திரம் தேட 54 யூனிட்" எண்டு சொன்னால் அவை பாக்கிற பார்வை ஒண்டு இருக்கு.

மத்தியானம் ஒண்டுக்கும் நாலுக்கும் இடையிலை நிக்குதெண்டால் சூடு, அறிகுறி 5ஐப் பாருங்கோ.

நேரம் காலம் இல்லாமல் நிக்குது, பவர் இறக்கியும் நிக்குது எண்டால் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாத்திப் பாருங்கோ. மீற்றர் பிடிக்கத் தெரிஞ்சால் மஞ்சள் வயரிலை ஓடிக்கொண்டிருக்கேக்கை 11.4க்குக் கீழை போனால் சப்ளை சரியில்லை. தெரியாட்டி பிடியாதேங்கோ, சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், வயர் கழட்டினாப் பிறகும் உள்ளுக்குக் கரண்ட் நிக்கும்.

கேசிங்கைத் தொட விறுவிறு எண்டு அடிக்குதெண்டால் பொயிங்க்கை விடுங்கோ, மிசினையே நிப்பாட்டி எலக்ரீசியனைக் கூப்பிட்டு ஏர்த் பாக்கச் சொல்லுங்கோ. சித்திரை, ஐப்பசி பின்னேரங்களிலை இடி கேட்டால் பிளக்கோடை சேத்து றூற்றர் வயரையும் கழட்டுங்கோ. பிளக்கை மட்டும் கழட்டி, கூரை அன்ரெனா வயராலை இடி இறங்கி போர்ட் போன மிசின் ஒண்டு இன்னும் என்ரை அலுமாரிக்கு மேலை கிடக்கு.

அறிகுறி 5: ஓடுது, ஆனால் ஆமை மாதிரி

சிபியூவை முழுசாப் பொயிங்க் தின்னுதோ பாருங்கோ. ஜிபியூ வேலைக்கும் தீனி போட ஒரு சிபியூ கோர் வேணும். சிபியூ அளவை 75 வீதத்துக்கு இறக்கினால் ஜிபியூ தானாப் பறக்கும். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இல்லையெண்டால் சூடு. "என்விடியா-எஸ்எம்ஐ -கியூ -டி பேர்ஃபோமன்ஸ்" அடிச்சால் ஏன் மெதுவாக்கிறன் எண்டு அதுவே சொல்லும். 83 பாகைக்குக் கிட்டவே நிக்குதெண்டால் கார்ட் தன்னைத் தானே இறுக்கிப் பிடிக்குது. தகரக் கூரைக்குக் கீழை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டினால் வேறை என்ன நடக்கும்? பக்கக் கதவைத் திறந்து வைச்சு மேசை ஃபானைப் பிடிச்சுப் பாருங்கோ, பத்துப் பாகை இறங்கிச்சுதெண்டால் கேசிங்கிலை காத்தோட்டம் காணாது. சோளகக் காத்துக் காலத்திலை கிரவல் றோட்டுப் புழுதி ஒரு மாசத்திலை ஃபானை அடைச்சிடும். பெயின்ற் பிரஸ்ஸாலை தட்டி, ஃபான் சுத்தாமல் விரலாலை பிடிச்சுக்கொண்டு ஊதுங்கோ. சைக்கிள் கடைக் கொம்பிரசர் வேண்டாம், தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

தூசு இல்லை, ஃபானும் சுத்துது, இன்னும் சூடெண்டால் பேஸ்ட் காஞ்சிருக்கும். அஞ்சாறு வருசக் கார்ட் எண்டால் மாத்திறது நியாயம்தான், ஆனால் உள்ளுக்கு இருக்கிற ரப்பர் பாட் கிழியாமல் கழட்டத் தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் குடுங்கோ.

மைனிங் ரிக்கிலை வந்த யூஎஸ்பி மாதிரி நீட்டு வயர் பூட்டி ஓட்டுறியள் எண்டால் அதைக் கழட்டி நேரை பெரிய சுலொட்டிலை பூட்டுங்கோ.

அறிகுறி 6: கரண்ட் போய் வந்தாப் பிறகு மிசின் எழும்புது, பொயிங்க் எழும்புதில்லை

மிசினே எழும்பாமல் "இனிற்றாம்எஃப்எஸ்" எண்டு கறுப்புத் திரையிலை நிண்டால் அதிலையே எந்தப் பாட்டிசன் எண்டு எழுதியிருக்கும். "எஃப்எஸ்சிகே -வை" அடிச்சு அந்தப் பாட்டிசன் பேரைக் குடுத்து, முடிஞ்சாப் பிறகு "எக்சிட்". மாசத்துக்கு ரெண்டு தரம் இது வந்தால் டிஸ்க் சாகுது, "ஸ்மாட்சிடிஎல்" ஓட்டிப் பாத்து, படிப்பு ஃபைலுகளை முதல்லை வேறை இடத்துக்கு எடுங்கோ.

மிசின் எழும்பி பொயிங்க் மட்டும் பழைய வேலையெல்லாம் துலைச்சிருந்தால் கரண்ட் போகேக்கை அதின்ரை நிலைமை ஃபைல் பழுதாகியிருக்கு. "கிளையன்ட்_ஸ்ரேற்" எண்ட ஃபைல் 0 பைற் எண்டால் பக்கத்திலையே "பிறெவ்" எண்டு முடியிற பழைய பிரதி இருக்கும், பொயிங்க் வழமையாத் தானே அதை எடுக்கும். ரெண்டும் போயிருந்தால் கையிலை இருந்த வேலை போச்சுது, கவலைப்பட ஒண்டுமில்லை, தவணை முடிய அதை வேறை ஆருக்கும் அனுப்புவினம். ஃபோல்டிங்கிலை தவணை கிட்ட, அதாலை நாளுக்கு ரெண்டு தரம் கரண்ட் போற இடத்திலை நான் பொயிங்க்தான் சொல்லுவன்.

அறிகுறி 7: மனேஜர் கிளையன்டோடை இணையுதில்லை

மனேஜர் எண்டது நாங்கள் பாக்கிற திரை, கிளையன்ட் எண்டது பின்னாலை வேலை செய்யிற சேர்விஸ். அந்தச் சேர்விஸ் ஓடுதோ பாருங்கோ. ஓடுது, பாஸ்வேர்ட் பிழை எண்டு சொல்லுதெண்டால் உங்கடை யூசரை "பொயிங்க்" குறூப்பிலை சேத்து, லொக்அவுட் பண்ணித் திருப்பி வாங்கோ. லொக்அவுட் பண்ணாமல் "சேத்தும் வரேல்லை" எண்டு கோல் எடுக்காதேங்கோ.

கடைக்கோ எலக்ரீசியனுக்கோ போகவேண்டிய கட்டம்

வேறை மிசினிலையும் கார்ட் தெரியேல்லை, எரிஞ்ச மணம் வருது, கப்பாசிற்றர் வீங்கியிருக்கு, பவர் இறக்கியும் எக்ஸ்ஐடி 79 தொடர்ந்து வருது, ஏர்த் அடிக்குது. இந்த அஞ்சிலை ஒண்டு எண்டால் வீட்டிலை நோண்ட வேண்டாம். முதல் நாலும் கடைக்கு, கடைசி எலக்ரீசியனுக்கு.

கடைக்குக் கொண்டு போகேக்கை "பொயிங்க் ஓடேல்லை" எண்டு சொல்லாதேங்கோ, விண்டோஸ் அடிச்சு, உங்கடை டிஸ்க்கைத் துடைச்சு, கேம் ஓடுது எல்லாம் சரி எண்டு தந்துவிடுவினம். எனக்கு நடந்தது. டிஸ்க்கை வீட்டிலை கழட்டி வைச்சிட்டு, கார்டையும் பவர் சப்ளையையும் மட்டும் கொண்டு போங்கோ. "அரை மணித்தியாலம் முழுப் பாரத்திலை ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு சொல்லி, நாலு நாள் நேரம் குறிச்ச அந்தக் கொப்பித் தாளையும் கையிலை குடுங்கோ. கார்ட் திருத்த எவ்வளவு எண்டு கேட்டிட்டு, அதே கார்ட் செக்கன்ஹான்டிலை என்ன விலை போகுது எண்டும் விசாரியுங்கோ, 1050 ரிஐ, 1060 மாதிரிக் கார்டுகளுக்கு சிப் கழட்டிப் பூட்டுற வேலை பெரும்பாலும் கட்டாது.